மூலைக் கொத்தளமும் எண்ணூர்ச் சிப்பியும்

சென்னையில் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் பொருள் மறைந்துபோன இடங்கள் பல உண்டு. வால்டாக்ஸ் சாலையில் இன்று மதிலும் இல்லை, மதில்வரியும் இல்லை. தங்கசாலையில் நாணயம் அடிப்பதில்லை. மூலக்கொத்தளத்தில் கொத்தளம் இல்லை. வடசென்னைக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது இடுகாடுதான். 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் உறங்குகிறார்கள். அதன் ஒரு பகுதியில் அண்மை ஆண்டுகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தபோது பலரும் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் நினைவிருக்கலாம்.

'மூலைக் கொத்தளம்' என்பதே மருவி மூலக்கொத்தளம் ஆயிற்று என்று விளக்குவது வழக்கம். 1758இன் இறுதியில் லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் எளிதாக நுழைந்து இரண்டு மாதங்கள் கோட்டையை முற்றுகையிட்டது. பத்தாண்டுகள் கழித்து ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம்வரை வந்து திரும்பியது. இரண்டு அச்சங்களும் சேர்ந்து, நகரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பியே தீரவேண்டும் என்ற முடிவுக்குக் கம்பெனியைத் தள்ளின. பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்தக்காரர் அதைக் கட்டினார். 1772 வாக்கில் வேலை முடிந்தது. அம்மதிலின் வடமேற்கு மூலைதான் நம் மூலக்கொத்தளம். மதிலின் ஒரு துண்டு இன்றும் பழைய ஜெயில் சாலை அருகே மாடிப் பூங்காவில் நிற்கிறது.

போர், முற்றுகை, ஒப்பந்த ஊழல் இவற்றையெல்லாம் வரலாற்றாசிரியர்கள் எழுதிவிட்டார்கள். என் கவனம் அக்காலச் சென்னையின் செங்கல்லைப் பிணைத்த காரையின் மேல் சென்றது. சென்னைக்கு அருகே சுண்ணாம்புப் பாறை கிடையாது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் வெண்மை முழுவதும் கிளிஞ்சலிலிருந்து வந்தது. உப்பங்கழிகளில் அரித்தெடுத்த சிப்பிகளையும் மட்டிகளையும் சூளையில் சுட்டு, நீர்விட்டுத் தாளித்து, அரைத்துப் பூசினார்கள். பளிங்குபோல் மின்னும் அந்த 'மெட்ராஸ் சுனாம்' பற்றி வியந்து எழுதாத ஐரோப்பியப் பயணி குறைவு. என் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்ததும் அதே கிளிஞ்சல் சுண்ணாம்புதான். அது ஒரு விலங்கின் வீடு என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்த விலங்கைப் பற்றித்தான் இக்கட்டுரை. அது வாழ்ந்த கழி, மூலக்கொத்தளத்துக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது.

*

சிப்பியின் வாழ்வு விசித்திரமானது. முட்டையிலிருந்து வெளிப்படும் இளவுயிரி கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு மூன்று வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரியும். பிறகு ஒரு கடினமான பரப்பைத் தேடி அமர்ந்து தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவ்விடத்தைவிட்டு அசையாது. வெயிலோ வெள்ளமோ விஷமோ, எது வந்தாலும் விலகிச் செல்ல வழியில்லை. ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்க மட்டுமே முடியும். சூழல் ஓர் உயிரை எப்படி ஆள்கிறது என்று அறிய விரும்புபவனுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. சேற்றுக் கழியில் அதற்குக் கிடைக்கும் கடினமான பரப்பு பெரும்பாலும் முன்னோரின் ஓடுதான். செத்த சிப்பியின் மேல் புதிய சிப்பி, அதன் மேல் மற்றொன்று என்று தலைமுறை தலைமுறையாகப் படுகை உயர்கிறது. அந்த இடுக்குகளில் நண்டும் புழுவும் சிறு மீனும் குடியேறுகின்றன. கிளிஞ்சலுக்காகப் படுகையைத் தோண்டியவர்கள் செத்த ஓட்டை மட்டும் எடுத்ததாகவே எண்ணியிருப்பார்கள். வரவிருந்த தலைமுறையின் தொட்டிலும் அதனோடு சூளைக்குப் போயிற்று.

சூழலியல் என்ற சொல்லின் ஜெர்மன் மூலத்தை 1866இல் உருவாக்கியவர் எர்னஸ்ட் ஹெக்கல். ஆனால் அந்தச் சொல்லுக்கு உடலும் உயிரும் கொடுத்தது ஒரு சிப்பிப் படுகை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கார்ல் மோபியஸ் என்பவர் கீல் நகரில் விலங்கியல் பேராசிரியர். ஜெர்மன் கடற்கரையில் சிப்பி வளர்க்க முடியுமா என்று ஆராய்ந்து சொல்லும்படி 1860களின் இறுதியில் பிரஷ்ய அரசு அவரைக் கேட்டுக்கொண்டது. அரசுக்கு வேண்டியிருந்தது வருமானம். மோபியஸ் படுகைகளுக்கே சென்று, அங்கே சிப்பியோடு வாழும் ஒவ்வொன்றையும் எண்ணத் தொடங்கினார். ஒரு சிப்பி இடும் முட்டைகளின் எண்ணிக்கையையும் படுகையில் கிடைத்த இளஞ்சிப்பிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, பிறக்கும் சிப்பிகளில் பத்து லட்சத்தில் ஒன்றுகூட முதிர்ச்சி அடைவதில்லை என்று கணக்கிட்டார்.

அவரது நூல் 1877இல் வெளிவந்தது. அதன் மையத்தில் இருக்கும் கருத்தை என் சொற்களில் இப்படிச் சொல்லலாம். ஒரு படுகை என்பது உயிர்களின் குடியிருப்பு. எத்தனை உயிர் அங்கே வாழலாம் என்பதை நீரின் உப்பு, வெப்பம், உணவு, தரையின் தன்மை இவையெல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒவ்வோர் இனமும் மற்றவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. ஓர் இனத்தை மிகுதியாக அள்ளி எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறொன்று அங்கே வந்து அமரும். வந்தது எளிதில் போகாது. பிரான்சின் மேற்குக் கரையில் சிப்பியை அளவின்றி அள்ளிய படுகைகளில் மட்டியும் நீல ஆழியும் பெருகிவிட்டதை அவர் எடுத்துக்காட்டினார். கடைசியில் அரசுக்கு அவர் சொன்ன விடை, ஜெர்மன் கரையில் சிப்பி வளர்ப்பு பயன் தராது என்பதுதான். கேட்டவர்கள் மகிழ்ந்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் இலக்கிய நண்பர்கள் கையை உயர்த்துவார்கள் என்று தெரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள், உயிர்கள் கருப்பொருள், ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் சொன்னது சூழலியல்தானே என்பார்கள். நானும் பல மேடைகளில் இதைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். இப்போது சற்றுத் தயங்குகிறேன். திணைக் கோட்பாடு, எந்த நிலத்தில் எது இருக்கும் என்று சொல்கிறது. இருப்பதில் ஒன்றை அகற்றினால் மற்றவை என்ன ஆகும் என்பது அதன் கேள்வி அல்ல. அது கவிதைக்கான இலக்கணம், அதை மீன்வளத் துறை அறிக்கையாக வாசிப்பது அதற்கும் நியாயம் செய்யாது. ஆனால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் பேசுவது வேறு வகை. நிலம் நிலையான பட்டியலாக இல்லாமல், நிபந்தனைகள் மாறினால் மாறுவதாக அங்கே இருக்கிறது. நெய்தல் திரிந்தால் என்ன ஆகும் என்று இளங்கோ சொல்லவில்லை. அதை எண்ணூரில் பார்க்கலாம்.

*

எண்ணூர்க் கழிக்கு மூன்று நீர்கள் வருகின்றன. மேற்கிலிருந்து கொசஸ்தலையாற்றின் நன்னீர். கிழக்கே முகத்துவாரம் வழியாக ஏற்றத்தில் நுழைந்து வற்றத்தில் வெளியேறும் கடல்நீர். வடக்கிலும் தெற்கிலும் கால்வாய் கொண்டுவரும் நீர்; அது வடக்கே பழவேற்காட்டு ஏரிவரை தொடர்கிறது. இம்மூன்றும் கலக்கும் விகிதம் பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்காலத்தில் உப்பு தணியும், கோடையில் ஏறும். இந்த ஏற்றத்தாழ்வுதான் சிப்பியின் காவல். சிப்பியைத் துளைத்துத் தின்னும் கடல் நத்தைகள் பல உப்புக் குறைந்த நீரில் தாக்குப்பிடிப்பதில்லை, சிப்பி தாக்குப்பிடிக்கும். பகைவன் வர முடியாத இடத்தில் துன்பத்தோடு வாழ்வது என்ற உத்தி அது.

இக்கரையின் சிப்பிக்கு 1916இல் பிரெஸ்டன் இட்ட அறிவியல் பெயரில் 'மதராசென்சிஸ்' என்று நம் ஊரின் பெயர் இருந்தது. அண்மைய வகைப்பாட்டில் அந்தப் பெயரும் மாறிவிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1910 வாக்கில், மதராஸ் மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டில் சிப்பி வளர்ப்புச் சோதனையைத் தொடங்கினார். தென்னிந்தியப் படகுகளைப் பற்றியும் ஆழ்ந்து எழுதிய மனிதர் அவர். பழவேற்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கே உவர்நீரும் படுகையும் இயல்பாகவே அமைந்திருந்தது காரணம். எண்ணூரும் அதே நீர்த்தொடரின் தென்முனைதான்.

கால்வாயைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும், ஏனெனில் அது மூலக்கொத்தளத்தின் அருகில் தொடங்கி எண்ணூரில் முடிந்தது. பேசில் காக்ரேன் என்ற வணிகரின் பெயரால் அழைக்கப்பட்ட அக்கால்வாய் 1801இல் தொடங்கி 1806இல் முடிந்தது; நீளம் சுமார் 11 மைல். நகர்முனையில் படகுகள் நிற்க வெட்டிய குளம்தான் 'பேசின்'. பேசின் பாலம் அதன் நினைவு. உப்பும் விறகும் கிளிஞ்சலும் இவ்வழியே நகருக்கு வந்தன. உப்பு சேர்த்துவைத்த கொட்டாரம்தான் ரயில்வேக்காரர்களின் வாயில் 'சால்ட் கோட்டர்ஸ்' ஆயிற்று. பின்னர் கால்வாய் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1877-78 பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பசித்த மக்கள் வெட்டினார்கள். அதன்பின் முழுக் கால்வாயும் ஆளுநர் பக்கிங்காமின் பெயர் பெற்றது. மோபியஸின் நூல் அச்சேறிய அதே நாட்கள் அவை.

ஆக, நீரின் பாதைகளை மனிதன் மாற்றுவது இங்கே புதிதல்ல. முதலில் செய்த மாற்றங்களைக் கழி ஒருவாறு செரித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. கால்வாய் உப்பங்கழிகளை இணைத்தது, ஓதத்தை அடைக்கவில்லை. திருப்பம் துறைமுகத்தில் தொடங்குகிறது.

சோழமண்டலக் கரையில் மணல் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சிறிது தெற்கே திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. 1875இன் இறுதியில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தது, மீண்டும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. அப்படி நின்ற மணலில்தான் 1880களில் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். நாம் மாலையில் சுண்டல் தின்னும் கடற்கரையின் அகலத்தில் பெரும்பகுதி, ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவேண்டிய மணல். அங்கே கடல் ஆண்டுதோறும் தெருக்களைத் தின்றது. தடுக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். மணலில் வளை தோண்டும் நண்டுக்கும் முட்டையிட ஏறிவரும் ஆமைக்கும் கல்லில் வேலை இல்லை. ஒட்டி வாழும் பச்சை ஆழிக்கு அது மாளிகை. ஒரே கரை, ஒரே கடல். தரை மாறியதும் குடிமக்கள் மாறினார்கள்.

1944இல் பூண்டியில் கொசஸ்தலையாற்றுக்கு அணை கட்டப்பட்டது. நகரின் குடிநீர்த் தேவைக்கு அது இன்றியமையாதது என்பதை மறுக்க நான் யார்? அந்த நீரைக் குடித்து வளர்ந்தவன். ஆனால் கழிக்கு வந்துகொண்டிருந்த நன்னீரில் ஒரு பங்கு அன்றே குறைந்தது. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் கழியின் வடகரையில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் முகத்துவாரத்துக்கு வடக்கே எண்ணூர்த் துறைமுகம் (இன்று காமராசர் துறைமுகம்) என்று அடுத்தடுத்து வந்தன. துறைமுகத்தின் சுவரில் மீண்டும் மணல் தேங்கியது, கழிவாய் தூர்ந்தது. வாய் குறுகினால் ஏற்றமும் வற்றமும் குறையும். குளிரூட்டலுக்குப் பயன்பட்ட வெந்நீர் கழிக்குள் வந்தது. நிலக்கரிச் சாம்பலைக் குழம்பாக்கி அனுப்பும் குழாய்கள் கசிந்து, சேற்றின் மேல் சாம்பல் படிந்தது. நீரை வடிகட்டி உண்ணும் உயிருக்குச் சாம்பல் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. முதல் எண்ணூர் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. சாம்பல் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் ஆணை பிறப்பித்தது. படிந்த சாம்பல் அங்கேயே கிடந்தது.

இப்போது உப்பும் வெப்பமும் ஓட்டமும் தரையும் மாறிவிட்டிருந்தன.

*

வந்தவன் கறுப்பு நிறம். எண்ணூர் மீனவர்கள் அதற்குக் 'காக்கா ஆழி' என்று பெயரிட்டார்கள். அறிவியலாளரின் ஏட்டில் அது மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. வெப்பமண்டல அமெரிக்காவின் இரு கரைகளையும் தாயகமாகக் கொண்டது. 2014இல் பிலிப்பைன்சிலும் 2016இல் சிங்கப்பூரிலும் காணப்பட்டது. பிறகு கேரளத்தின் கொச்சி, அஷ்டமுடிக் காயல்கள். 2020க்குப் பிந்தைய ஆண்டுகளில் எண்ணூர். கால் இல்லாத பிராணி உலகைச் சுற்றிவந்தது கப்பலில்தான். சரக்கு இல்லாத கப்பல் சமநிலைக்காகத் தன் வயிற்றில் ஒரு துறைமுகத்தின் நீரை நிரப்பி இன்னொரு துறைமுகத்தில் கொட்டும். அந்த நீரில் இளவுயிரிகள் வரும். கப்பலின் அடியில் ஒட்டியும் வரும். இதைக் கட்டுப்படுத்த 2004இல் செய்த பன்னாட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பரில்.

காக்கா ஆழி உப்பின் ஏற்ற இறக்கத்தை மிக அகன்ற எல்லைகளுக்குள் பொறுத்துக்கொள்ளும். விரைவில் முதிரும், ஏராளமாகப் பெருகும். சிப்பியைப் போல் ஓட்டைக் காரையால் ஒட்டிக்கொள்ளாது; நூலிழைகளை விட்டு ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டு, சேற்றின் மேலேயே கம்பளம்போல் விரியும். கடினமான தரைக்காகக் காத்திருக்கும் அவசியம் அதற்கு இல்லை. இந்த ஒரு வேறுபாட்டில்தான் கழியின் விதி அடங்கியிருக்கிறது. அடியில் புதைந்து வாழ்ந்த மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிப் போயிற்று. பகலில் மணலுக்குள் பதுங்கி இரவில் வெளிவரும் இறாலுக்குப் புதைய இடமில்லை. இறால் இல்லாத தரையில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும் வேலையில்லை. துழாவினால் கூரிய ஓடு கையைக் கிழிக்கும்.

'வேறொன்று அங்கே வந்து அமரும்' என்ற மோபியஸின் கருத்தை நான் முதலில் வாசித்தபோது அதை ஒரு தருக்கமாகவே எடுத்துக்கொண்டேன். காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர், நூலைப் பற்றி எதுவும் அறியாமல், ஏறக்குறைய அதையே சொன்னார். "மண்ணு நல்லா இருந்தப்போ இது வந்திருந்தாலும் இப்படிப் பரவியிருக்காது தம்பி, மட்டியும் இறாலும் எடம் விட்டிருக்காது" என்றார். படையெடுக்கும் உயிர்களைப் பற்றி 1958இல் தனி நூலே எழுதிய சார்லஸ் எல்டனின் எண்ணமும் இதற்கு மிக அருகில் உள்ளது. உயிர்வகை செறிந்த சமூகத்தில் அந்நியன் எளிதில் நுழைவதில்லை என்பது அவர் கருத்து. பின்வந்த ஆய்வாளர்கள் அது எல்லா இடத்திலும் பொருந்தாது என்று காட்டியிருக்கிறார்கள். அஷ்டமுடிக்கு எண்ணூரின் சாம்பல் இல்லை, ஆயினும் அங்கும் காக்கா ஆழி மட்டியின் இடத்தைப் பிடித்தது. ஆகவே பெரியவர் சொன்னதை நான் நிரூபணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணூரைப் பொறுத்தவரை அவர் சொல்வதே சரியாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வெளியேறியது. அது கழிக்கு வந்த வழி பக்கிங்காம் கால்வாய். உப்பும் கிளிஞ்சலும் நகருக்குப் போன அதே நீர்வழி. அலையாத்தி மரங்களின் தண்டுகளில் கறுப்புக் கோடு விழுந்தது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகு தார்போல் ஒட்டியது. மீனவர்கள் வாளியாலும் முறத்தாலும் எண்ணெயை அள்ளினார்கள். ஓட்டை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்த உயிர்களில், அந்த முறை யார் அதிக நாள் காத்திருந்தார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. எண்ணெய் வடிந்தபின் மீனவர்கள் கழிக்கு இறங்கியபோதும் காக்கா ஆழி அங்கே இருந்தது.

அதை அகற்றவேண்டும் என்ற முறையீடு பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுவரை சென்றது. தூர்வாரும் திட்டம், அதற்கான செலவை யார் ஏற்பது என்ற வாதம் எல்லாம் நடந்தன. தூர்வாரும் இயந்திரம் கம்பளத்தைச் சுருட்டி எடுத்துவிடும். அதன் அடியிலிருந்து வெளிப்படும் தரை எதுவாக இருக்கும் என்பதே எனக்கு உள்ள ஐயம். மணலாக இருந்தால் இறால் புதையும், மட்டி திரும்பும். சாம்பலாக இருந்தால், நீரில் மிதந்துகொண்டிருக்கும் இளவுயிரிகளில் சாம்பலைப் பொறுத்துக்கொள்ளக்கூடியது எதுவோ அது வந்து அமரும். கொத்தளத்துக் காரைக்குக் கிளிஞ்சல் தந்த உயிர் திரும்பிவர வேண்டுமானால், அது ஒட்டிக்கொள்ளப் பழைய ஓடுகள் வேண்டும். அந்த ஓடுகளைத்தான் முன்னமே சுட்டுப் பூசிவிட்டோம்.